லோரியின் உதறலும் வெட்டும்

லோரி உதறுவதும் வெட்டி இழுப்பதும் ஒரே கோளாறு அல்ல. கிளச்சை விட்டு நகரத் தொடங்கும் நேரத்தில் முன்பக்கத்திலிருந்து பின்பலகை வரை வண்டி நடுங்கினால் அது உதறல். ஓட்டத்தில் இருக்கும்போது இழுவை ஒரு கணம் அறுந்து மறுகணம் திரும்ப வந்தால் அது வெட்டு. ஆக்சிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் அடியிலிருந்து ஒரே ஒருமுறை 'டக்'கென்று கேட்பது தட்டு. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி, அதைத் தாண்டினால் அடங்கியோ கூடியோ போவது அதிர்வு. இந்த நான்கையும் ஓட்டுநர்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள்: "கியர்பாக்ஸ் போச்சு." அப்படிச் சொல்லிக்கொண்டு மலேசியாவின் ஈப்போ வட்டாரப் பட்டறைகளில் வந்து நின்ற லோரிகளில், கியர்பாக்ஸைத் திறந்தே ஆக வேண்டும் என்றிருந்தவை சொற்பம்.

1970களின் இறுதியிலும் 80களிலும் ஈப்போவில் லோரிப் பட்டறை என்றால் பெரும்பாலும் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், தகரக் கொட்டகை. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோடு நின்றவர்களில் பாதிப்பேர் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழ்ப் பையன்கள். மூத்த மெக்கானிக்கை மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் 'போமன்' என்றே கூப்பிட்டார்கள். வந்த வண்டிகளைப் பார்த்தாலே என்ன கோளாறாக இருக்கும் என்று பாதி தெரிந்துவிடும். சிம்பாங் பூலாய்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குன்றுகளில் உடைத்த கல்லை ஏற்றும் லோரி என்றால் கிளச் காய்ந்திருக்கும். சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா தோட்டங்களின் ரப்பர்ப்பால் லோரி, ஒட்டுப்பால் லோரி என்றால் அடியில் கிரீஸ் இருக்காது, டீசலில் தண்ணீர் இருக்கும். கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கும் லோரி என்றால் எல்லாமே சூட்டில் வெந்திருக்கும். பெட்ஃபோர்டு காலம் முடிந்து இசுசு, ஹீனோ, நிசான், மிட்சுபிஷி வண்டிகள் நிறைந்துவிட்ட நேரம் அது. பெயர்ப்பலகைதான் மாறியது, உதறல்களின் காரணங்கள் மாறவில்லை.

அப்படியொரு பட்டறையில் வேலை பழகிய பையனிடம் ஸ்பேனரைக் கொடுப்பதற்கு முன், ஓட்டுநரிடம் கேள்வி கேட்கத்தான் பழக்கினார்கள். பேச்சு ஏறக்குறைய எப்போதும் இப்படித்தான் போகும்:

"எப்ப ஒதறுதுண்ணே?"

"எப்பவும்தான் ஒதறுது."

"காலியா வரப்பவும் ஒதறுதா?"

"காலியாவா… இல்ல தம்பி. லோடு ஏத்தி மேட்டுல எடுக்கறப்பதான்."

"ரிவர்ஸ்ல?"

"ஆமா, ரிவர்ஸ்ல இன்னும் மோசம்."

'எப்பவும்' என்று தொடங்கியது மூன்று கேள்விகளில் கிளச்சில் வந்து நின்றுவிடுகிறது. காலியிலா லோடிலா, காலையில் குளிர்ந்த எஞ்சினிலா மதியச் சூட்டிலா, ஒரே கியரிலா எல்லாக் கியரிலுமா, ஏற்றத்திலா இறக்கத்திலா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இதற்கு முன் அடியில் யார் கைவைத்தார்கள், எதற்காக? திடீரென்று தொடங்கிய உதறல்களில் கணிசமானவை அதற்கு முந்தைய ரிப்பேரின் பிள்ளைகள். இதில் ஓட்டுநரைவிட, அவரோடு போகும் உதவியாளான கெலிண்டான் சொல்வதை நம்பலாம். சேற்றில் புதைந்த வேறொரு லோரியைக் கயிறு கட்டி இழுத்ததையும், பாரம் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதையும் ஓட்டுநர் மறைப்பார், கெலிண்டான் சொல்லிவிடுவார்.

அடுத்தது சாலை. ஓட்டிப் பார்க்காமல் ஜாக்கி வைப்பது வீண்வேலை. சோதனை ஓட்டத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒரே சாலை வேகத்தை இரண்டு வெவ்வேறு கியர்களில் பிடித்துப் பார்ப்பது முதலாவது. மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டரில் வந்த அதிர்வு நான்காம் கியரிலும் அதே 40இல் வந்தால், அதற்கும் எஞ்சின் சுற்றுக்கும் தொடர்பில்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் அச்சு, டயர் ஆகியவற்றில் ஒன்று. கியர் மாறியதும் வேகம் இடம்மாறி, எஞ்சின் சுற்று மட்டும் அதேயாக இருந்தால் எஞ்சினோ கிளச்சோ. இரண்டாவது, வேகத்தில் போகும்போது கிளச்சை மிதித்து நியூட்ரலில் உருளவிடுவது. சமதளத்தில் மட்டும் செய்ய வேண்டியது இது. இறக்கத்தில் செய்தால் எஞ்சின் பிடிப்பும் போய் பிரேக்கும் காயும். உருளும்போதும் அதிர்வு தொடர்ந்தால் பின்பக்கம். நின்றுவிட்டால் இழுவை இருக்கும்போது மட்டுமே தலைகாட்டும் கோளாறு.

இந்த விஷயத்தில் ஈப்போ கொடுத்துவைத்த ஊர். கிந்தா பள்ளத்தாக்கின் சமதளச் சாலைகள் பத்து காஜா, கோப்பெங் பக்கம் கிடைக்கும். ஏற்றம் வேண்டுமென்றால் ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கம் நோக்கி ஏறும் நெடுஞ்சாலை இருக்கிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறக்கப்பட்டது 1994இல் என்றாலும் இந்தப் பகுதி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஓட்டத்துக்கு வந்துவிட்டது. லோடோடு அந்த மேட்டில் ஏறும் லோரி எதையும் ஒளிக்க முடியாது. பிற்பாடு சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குப் புதுச் சாலை போட்டபோது, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரும் இன்னொரு சோதனைக்களமும் பக்கத்திலேயே அமைந்துவிட்டது.

நகரும்போது வரும் உதறலுக்கு முதல் சந்தேகம் கிளச் மேல்தான் விழ வேண்டும். கிளச் பிளேட்டின் பூச்சு, பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் முதலில் வழுக்கி, பிறகு மெல்லப் பிடித்து, கடைசியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். வழுக்கல் குறையும்போது பிடிமானம் சட்டென்று கூடும் நிலைக்குப் பூச்சு கெட்டுவிட்டால் அது பிடிக்கும், ஷாஃப்டுகள் முறுக்கேறும், முறுக்கு பிடியை அறுக்கும், மறுபடி பிடிக்கும். விநாடிக்குப் பத்து முறை அளவில் இது நடப்பதைத்தான் ஓட்டுநரின் முதுகு உதறல் என்று உணர்கிறது. முதல் கியரிலும் ரிவர்ஸிலும் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம், சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை அந்த இரண்டிலும்தான் மிகுதி.

பூச்சு கெடும் வழிகளில் முதலாவது எண்ணெய். கிளச் கூண்டுக்குள் எண்ணெய் வர இரண்டு வாசல் உண்டு: கிராங்க் ஷாஃப்டின் பின் சீல், கியர்பாக்ஸின் முன் சீல். எது ஒழுகுகிறது என்று தெரியாமல் கிளச் பிளேட்டை மட்டும் மாற்றிப் போட்டால் சில மாதத்தில் அதே லோரி அதே வாசலில் வந்து நிற்கும். கண்டுபிடிக்கும் முறை எளிது. கூண்டின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். அதன் ஓரத்தை வெள்ளைத் துணியால் துடைத்து மோந்து பார்க்க வேண்டும். கந்தக வாடையோடு பழுப்பாக, கையில் இழுபட்டால் கியர் ஆயில். கருகருவென்று நீர்த்து, புகை வாடை அடித்தால் டீசல் எஞ்சினின் ஆயில். மூத்த போமன்கள் துணியை மூக்கருகே கொண்டுபோன கணத்திலேயே "பின்சீல்" என்றோ "முன்சீல்" என்றோ சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்கள். பையன்கள் இரண்டாம் முறை மோந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது வழி சூடு. கல் குவாரிச் சரிவில் வரிசையில் நிற்கும்போது ஹேண்ட்பிரேக் போடச் சோம்பல்பட்டு, அரைக்கிளச்சில் லோரியைத் தாங்கி நிறுத்துவது ஒரு பழக்கம். அதற்குத் தண்டனை பிளைவீலில் எழுதியிருக்கும்: முகத்தில் அங்கங்கே நீலம் பூத்த திட்டுகள், நூல் நூலாக வெடிப்புகள். நீலத்திட்டு விழுந்த இடத்தில் இரும்பு மற்ற இடத்தைவிட இறுகிப் புடைத்திருக்கும். பிளேட் ஒரு சுற்றில் பல தடவை பிடித்துப் பிடித்து விடும். புதுப் பிளேட் போட்டாலும் பிளைவீலைக் கடையாமல் உதறல் போகாது. கடைவதற்கு ஈப்போவில் லேத் பட்டறைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஈயச் சுரங்கங்களின் பம்புகளுக்கும் இயந்திரங்களுக்கும் பாகம் செய்து பிழைத்த கடைகள் அவை. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து, கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடியபின், சுரங்க வேலையை மட்டும் நம்பியிருந்த லேத்காரர்கள் லோரிப் பிளைவீலையும் பிரேக் டிரம்மையும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். வேலை சுத்தம். ஆனால் எவ்வளவு கடையலாம் என்பதற்கு எல்லையுண்டு; ஆழமாகக் கடைந்த பிளைவீல் மெலிந்து, அடுத்த சூட்டில் இன்னும் சீக்கிரம் வளையும்.

பிளேட்டைக் கழற்றியதும் நடுவில் உள்ள சின்னச் சுருள் ஸ்பிரிங்குகளையும் பார்க்க வேண்டும். எஞ்சினின் துடிப்பு கியர்பாக்ஸுக்குப் போகாமல் வாங்கிக்கொள்வது அவற்றின் வேலை. ஒன்று உடைந்திருந்தாலும் குறைந்த வேகத்தில் வெட்டு வரும். பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் ஒரு பக்கம் முந்திப் பிடிக்கும்.

ஆனால் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அவசரப் பட்டறைகள் தவறவிடுவது இங்கேதான். எஞ்சின் உட்கார்ந்திருக்கும் ரப்பர் மவுண்டிங்குகளில் எண்ணெய் ஊறி ரப்பர் பிசின் ஆகிவிட்டால், நல்ல கிளச்கூட உதறும். ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இரண்டாம் கியரில் கிளச்சைக் கொஞ்சம்போல விடச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பார்த்தால் போதும். எஞ்சின் லேசாகச் சாய்ந்து நிற்பது இயல்பு. தூக்கிக் குதித்தால் மவுண்டிங். சோதிப்பவர் லோரிக்கு முன்னால் நிற்கக் கூடாது. அதோடு பின் அச்சை ஸ்பிரிங் பட்டையோடு பிணைக்கும் யூ-போல்டுகளையும் பார்க்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலையில் மழைக்காலப் பள்ளங்களில் விழுந்து எழும் லோரியில் அவை தளர்வது வழக்கமான சங்கதி. தளர்ந்தால் கிளச்சை விடும்போது அச்சே முன்னுக்கு நகர்ந்து மீளும். யூ-போல்டை முறுக்க ஒரு மணி நேரம் ஆகாது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற ஒரு நாள் போய்விடும். கூலி யார் தலையில் விழும் என்று யோசிக்கும் போமன் முதலில் யூ-போல்டைத்தான் தொடுவார்.

ஓட்டத்தில் வரும் அதிர்வு புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சேர்ந்ததா, டயரைச் சேர்ந்ததா என்று பிரிக்க ஒரு சின்னக் கணக்கு உதவும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். 7.50-16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.5 மீட்டர், ஆகவே சக்கரம் நிமிடத்துக்கு 400 சுற்று, விநாடிக்கு ஏழு. பின் அச்சின் பல்விகிதம் ஆறுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் விநாடிக்கு 40 சுற்று. டயர் கோணலாகவோ சமன் இல்லாமலோ இருந்தால் விநாடிக்கு ஏழு ஆட்டம்: உட்கார்ந்திருப்பவர் எண்ணிவிடக்கூடிய தள்ளாட்டம். ஷாஃப்ட் சமன் கெட்டால் 40: கால் வைக்கும் தகடு ரீங்கரிக்கும். ஷாஃப்டின் முனையை இணைக்கும் யூ-ஜாயிண்டின் கோணம் கெட்டால் அதற்கும் இரண்டு மடங்கு, 80.

இரண்டு மடங்கு ஏன் என்பதில் யூ-ஜாயிண்டின் குணமே அடங்கியிருக்கிறது. கோணத்தில் வேலை செய்யும் யூ-ஜாயிண்ட், உள்ளே வரும் சுற்றைச் சீராக வெளியே விடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தி, இரண்டு முறை பிந்தும். கோணம் 3 பாகையாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு 0.14தான், பொருட்படுத்த வேண்டியதில்லை. 10 பாகையானால் நூற்றுக்கு 1.5. 20 பாகையானால் 6. இதைச் சமாளிக்கத்தான் ஷாஃப்டின் இரு முனையிலும் ஜாயிண்ட் வைத்து, இரண்டு கோணமும் சமமாகவும் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்திலும் இருக்கும்படி அமைக்கிறார்கள். முன் ஜாயிண்ட் கெடுத்ததைப் பின் ஜாயிண்ட் சரிசெய்கிறது. கோணச் சமன் குலைந்தாலும் கவைகள் தளம் மாறினாலும் கெடுத்தது அப்படியே பின் அச்சுக்குப் போகும்.

கோணம் குலையும் வழிகளில் ஒன்று, பட்டை சேர்ப்பது. 1960களில் தொடங்கி ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது தோட்டத்துச் சரக்கின் எடையே மாறிவிட்டது. குலை ஏற்றும் குத்தகைக்காரர்கள் பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு மூன்று பட்டை போட்டுக்கொண்டார்கள். ஏற்றக் கூடாத பாரத்துக்காகச் செய்த ஏற்பாடு. லோடு ஏறினால் வண்டி படிந்து கோணம் ஏறக்குறைய சரியாகிவிடும். காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் தூக்கி நிற்கும். 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் எடுப்பில் உதறும். கிளச் உதறலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான்: கிளச் லோடில் உதறும், இது காலியில் உதறும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் ஒரு லோரிக்கு இரண்டாம் முறையாகக் கிளச் பிளேட் மாற்றிய பட்டறையும் உண்டு. மருந்து, சேர்த்த பட்டையை எடுப்பது. குத்தகைக்காரர் அதற்கு ஒப்பமாட்டார் என்றால் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்து அச்சின் மூக்கைத் திருப்புவது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புஸ்பாகோம் வாகனச் சோதனைக்கு முன்னால் இந்தப் பட்டைகள் காணாமல் போவதும், சோதனை முடிந்ததும் திரும்ப வந்து சேர்வதும் பட்டறைகளுக்குத் தெரிந்த கதை.

தளம் மாறுவது முழுக்க மனிதக் கைவேலை. ஷாஃப்டின் நடுவில் நீளம் கூடிக் குறைய ஒரு வழுக்கு இணைப்பு இருக்கும். அதன் இரு பாகத்திலும் அம்புக்குறி குத்தியிருப்பார்கள். சென்டர் பேரிங் மாற்றக் கழற்றுபவர் சேறு மூடிய அம்பைப் பார்க்காமல் சில பல் தள்ளி மாட்டிவிட்டால் போதும். சுங்கை சிப்புட் பக்கத்து லோரி ஒன்று அப்படித்தான் வந்தது. பேரிங் மாற்றியதிலிருந்து 50இல் கால் தகடு நடுங்கியது. மாற்றிய இடத்தில் ஷாஃப்டையே வாங்கச் சொல்லியிருந்தார்கள். கம்பி பிரஷ்ஷால் சேற்றைச் சுரண்டியதும் இரண்டு அம்புகளும் தெரிந்தன, ஒன்று மேலே, ஒன்று பக்கவாட்டில். கழற்றி நேராக மாட்டியதோடு நடுக்கம் நின்றது. கழற்றுவதற்கு முன் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை நடக்கவே நடக்காது.

அதே வழுக்கு இணைப்பு காய்ந்திருந்தால் வேறொரு அறிகுறி தரும். லோரி நின்று ஒரு விநாடி கழித்து, எல்லாம் அடங்கியபின், அடியில் ஒரு 'டக்'. பிரேக்கில் படிந்த பின்பக்கம் மீளும்போது, இறுகியிருந்த இணைப்பு திடீரென்று வழுக்குவதால் வரும் தட்டு அது. மருந்து கிரீஸ் மட்டுமே. தோட்டத்து லோரிகளில் இந்தத் தட்டு கேட்டாலே, அந்தத் தோட்டம் விலைக்கு வந்திருக்கிறது என்று மூத்தவர்கள் சொல்வார்கள்; விற்கப் போகிறவர் கிரீஸுக்குச் செலவழிக்கமாட்டார் என்பது அவர்கள் கணக்கு. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்பது 1950களில் தொடங்கியது. சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தோட்டத் தொழிலாளர்கள் தோட்டங்களைத் தாங்களே வாங்கித் தப்பிக்கட்டும் என்றுதான்.

ஆக்சிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் வரும் தட்டுக்குக் காரணம் எங்கோ சேர்ந்திருக்கும் இடைவெளி. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, அடியில் படுத்து ஷாஃப்டைக் கையால் இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். கவை ஆடி, அடுத்த பாகம் அசையாவிட்டால் யூ-ஜாயிண்டின் ஊசி பேரிங்குகள் போயிருக்கின்றன. கவையின் ஓரத்தில் துருத்தூள் செம்பொடியாகக் கொட்டியிருப்பது அதற்குச் சாட்சி. ஜாயிண்ட் இறுக்கமாக இருந்து ஷாஃப்ட் நிறையத் திரும்பினால் பின் அச்சின் பற்கள். கொஞ்சம் திரும்புவது எல்லா லோரியிலும் உண்டு. அதைப் பார்த்துப் பயந்து அச்சைத் திறக்க வேண்டியதில்லை.

ஓட்டத்தில் வரும் வெட்டு பெரும்பாலும் டீசல் வரும் வழியில் தொடங்குகிறது. தோட்டங்களில் டீசல் 200 லிட்டர் டிரம்மில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும். ஈரக்காற்று டிரம்முக்குள் குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும். கைப்பம்பின் குழாய் அடிவரை போனால் அந்தத் தண்ணீர் நேராக லோரியின் டேங்குக்குள் போகும். ஏற்றத்தில் எஞ்சின் அதிகமாகக் குடிக்கும் நேரத்தில் அடைத்த ஃபில்டர் தாங்காது. இழுவை அறும், விட்டுப் பிடித்தால் மீளும். கியர்பாக்ஸ் கோளாறு ஃபில்டர் மாற்றினால் சரியாகாது. ஆகவே ஃபில்டரை மாற்றிப் பார்ப்பதே மலிவான சோதனை. டேங்கிலிருந்து வரும் குழாயில் நூல் வெடிப்பு இருந்தால் டீசல் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் இது கண்ணில் படுவது கடினம். பம்புக்கு முன்னால் ஒரு துண்டு ஒளிபுகும் குழாயை மாட்டி ஓட்டினால் குமிழிகள் போவது தெரியும்.

பால் லோரிக்கு மட்டும் இன்னொரு சந்தேகமும் உண்டு. தோட்டத்திலிருந்து வரும் ரப்பர்ப்பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மற்றது பெரும்பாலும் தண்ணீர். உறையாமலிருக்க அமோனியா கலந்து டேங்கில் ஏற்றுவார்கள். டேங்குக்குள் குறுக்கே தடுப்புத் தகடுகள் இருக்க வேண்டும். உறைந்த பால் அவற்றின் இடுக்கில் ஒட்டிக்கொண்டால் கழுவுவது பெரும்பாடு என்பதால் சிலர் அவற்றை வெட்டி எடுத்துவிடுவார்கள். பாதி டேங்க் பாலோடு கியர் மாற்றினால் பால் பின்னுக்குப் போய் மோதி, முன்னுக்கு வந்து மோதி, லோரியையே இழுத்துத் தள்ளும். ஓட்டுநர் கிளச்சைக் குறை சொல்வார். இதைப் பிரித்தறியத் தாளம் போதும்: மூன்று மீட்டர் டேங்கில் பால் போய்த் திரும்ப இரண்டு மூன்று விநாடி ஆகும். கிளச், ஷாஃப்ட், எஞ்சின் எதுவும் இவ்வளவு நிதானமாக ஆட்டாது. டேங்க் முழுதாக நிறைந்தாலும் காலியானாலும் ஆட்டம் இல்லாமல் போவது இரண்டாவது அடையாளம்.

இவை எல்லாவற்றையும் தள்ளியபின் மிஞ்சுவதுதான் கியர்பாக்ஸ். அதையும் திறக்காமலே பாதி படிக்கலாம். அடியிலுள்ள வடிகால் போல்டில் காந்தம் வைத்த வண்டிகளில் காந்தத்தைப் பார்க்க வேண்டும். மாவுபோல் சாம்பல் நிறப் பூச்சு இருப்பது வயதின் அடையாளம், கவலையில்லை. செதில் செதிலாக இரும்பு இருந்தால் பேரிங் முகமோ பல்லோ உரிகிறது. வடித்த ஆயிலை வெயிலில் ஊற்றிப் பார்க்கும்போது பொன்னிறத் தூள் மின்னினால் அது பித்தளை. சிங்க்ரோ வளையங்கள் தேய்கின்றன. சிங்க்ரோ போனால் கியர் விழும்போது கிறீச்சிடும், ஓட்டத்தில் உதறாது. ஓட்டத்தில் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் பற்களின் ஓரம் மழுங்கியிருக்கலாம், தேர்வுக் கவை வளைந்திருக்கலாம். மவுண்டிங் தளர்ந்து லிவரை இழுத்தாலும் இதே நடக்கும். முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லாத பழைய வண்டிகளில் பழகிய ஓட்டுநர்கள், தேய்ந்த சிங்க்ரோவோடும் இரட்டைக் கிளச் போட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். கோளாறு வெளியே வருவது ஓட்டுநர் மாறும்போதுதான்.

ஓட்டுநர் காலின் வேலையைக் கணினிக்கு மாற்றிய கியர்பாக்ஸ்கள் வந்தபின் விசாரணை வேறாயிற்று. வோல்வோவின் ஐ-ஷிஃப்ட் 2001இல் வந்தது. அடியில் இருப்பது அதே பல்சக்கரம், அதே உலர் கிளச். கிளச் எந்தப் புள்ளியில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதைக் கணினி நினைவில் வைத்திருக்கும். பிளேட் தேயத் தேய அந்தப் புள்ளி நகரும். புதுப் பிளேட் போட்டுவிட்டுக் கணினிக்குப் புதுப் புள்ளியைக் கற்றுக்கொடுக்காமல் விட்டால் லோரி ஒவ்வொரு எடுப்பிலும் வெட்டும். காற்றழுத்தம் குறைந்தாலும், ஒரு சென்சார் வயரில் ஈரம் ஏறினாலும் அதே வெட்டுதான். ஸ்கேனரை மாட்டும் முன் பேட்டரி முனைகளையும் எர்த் வயரையும் தேய்த்துப் பார்ப்பது நல்லது. மின்சாரம் தள்ளாடினால் கணினி இல்லாத கோளாறையெல்லாம் எழுதிவைக்கும்.

தோட்ட மேலாளர்களும் குத்தகைக்காரர்களும் இன்று ஓட்டும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற பிக்கப்களில் ஆட்டோமெட்டிக் வகை மிகுதி. அவற்றில் 50இலிருந்து 80 கிலோமீட்டருக்குள், ஆக்சிலேட்டரை லேசாக வைத்திருக்கும்போது, டோலுக்கு முன்னால் சாலையில் போட்டிருக்கும் மஞ்சள் வரிகள்மேல் போவதுபோல் ஓர் உதறல் வந்து மறையும். டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளச் பிடித்தும் பிடிக்காமலும் தடுமாறுவதே காரணம். உதறும்போது இடக்காலால் பிரேக் மிதியை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டால் பெரும்பாலான வண்டிகளில் லாக்-அப் விட்டுவிடும்; அந்தக் கணமே உதறல் நின்றால் சந்தேகம் உறுதி. ஆயிலில் கலந்திருக்கும் உராய்வைச் சீர்செய்யும் பொருள் வயதானதால் கெட்டுப்போவது வழக்கம். தயாரிப்பாளர் குறித்த அதே வகை ஆயிலை மாற்றினால் பல வண்டிகள் தேறிவிடும். எந்த ஆயிலாக இருந்தால் என்ன என்று மலிவானதை ஊற்றுவதுதான் இதில் செலவு மிகுந்த வழி. ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் மாற்றியும் பயனில்லை, கன்வெர்ட்டரைக் கழற்ற வேண்டியதுதான்.

பிக்கப்களில் கோளாறே இல்லாமல் வரும் வெட்டும் ஒன்று உண்டு. செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு வந்தவர், தார்ச்சாலை ஏறியபின் அதை எடுக்க மறந்துவிடுவார். நடு டிஃபரன்ஷியல் இல்லாத இந்த வண்டிகளில் திருப்பத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். ஷாஃப்டுகள் அதை அனுமதிக்காது. சேற்றில் டயர் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறிக்கொண்டே போய், பெட்ரோல் நிலையத்துக்குள் வளைக்கும்போதெல்லாம் வண்டி பிடித்துப் பிடித்து வெட்டும். லிவரை எடுக்கப் பார்த்தாலும் முறுக்கில் இறுகி வராது. சுவிட்ச் வைத்த வண்டியானால் விளக்கு மின்னிக்கொண்டே நிற்கும். ஸ்டியரிங்கை நேராக வைத்து வண்டியைச் சில மீட்டர் பின்னுக்கு எடுத்தால் முறுக்கு விடுபடும். லிவர் இரண்டு விரலில் இறங்கிவிடும்.